நான் அறுத்த பானெட்

போன மாதம் போளூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை ஏறுவதற்கு முன்னால் விழாவை நடத்தியவர் என் கையில் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். ‘மலைக்கிராமத்துப் பெண் சாதித்த கதை, ஐந்து நிமிடம்’ என்று அதில் எழுதியிருந்தது. நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாகனங்களுக்கு உடல் பாகம் செய்தவள். அதில் பெரும்பகுதி பழைய கார்களுக்கு, கார்பன் ஃபைபரில். ரெசின் எந்தச் சூட்டில் இறுகும், துணியை எந்தக் கோணத்தில் போட்டால் பாகம் முறுக்கிக்கொள்ளாது என்று கேட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கப் பேசியிருப்பேன். மலையில் பிறந்தது சாதனை என்றால் என் அம்மாவைத்தான் அவர்கள் கூப்பிட்டிருக்க வேண்டும்.

நான் ஏதோ பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். “நீங்க வேலை செஞ்ச இடத்துல, முடிஞ்ச பானெட்ட மிஷின் வச்சு அறுத்துட்டீங்களாமே, நெசமாங்க?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் விழா நடத்தியவர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, அதெல்லாம் இப்போது எதற்கு என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்திவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கான பதில் இது. நெசம்தான் கண்ணு. அறுத்தேன். அதே நிலைமை இன்னொரு தடவை வந்தாலும் அறுப்பேன்.

என் பெயர் பூங்காவனம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். எட்டாவது வரைக்கும் படித்தேன். கல்யாணமானதும், என் வூட்டுக்காரர் முருகேசன் வாலாஜா பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்ததால் அங்கே குடிபோனோம். பக்கத்துத் தெருவில் பஸ்களுக்குக் கண்ணாடி இழையில் முன்முகப்பு செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. முதல் இரண்டு வருஷம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அடுத்த மூன்று வருஷம் மோல்டுக்கு மெழுகு பூசினேன். அரிப்பும் தும்மலுமாகப் போன காலம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பிறகு முதலாளிக்குப் புது யோசனை வந்தது. பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் பெருகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார்களுக்குக் கதவு, பானெட், டிக்கி மூடி எதுவும் புதிதாகக் கிடைக்காது. பழசு துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருக்கும். அசல் பாகத்தை வைத்து அச்சு எடுத்து, அதே வடிவத்தில் கார்பன் ஃபைபரில் செய்து கொடுத்தால் இரும்பில் பாதி எடைகூட இருக்காது, துருவும் பிடிக்காது. கார்பன் ஃபைபர் வரும்போது கருப்புப் போர்வைத் துணி மாதிரிதான் இருக்கும். மடித்தால் மடங்கும், கத்தரித்தால் பிரியும். அதை அச்சுக்குள் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடத்துக்குள் ரெசின் என்கிற பிசினைப் பாய்ச்ச வேண்டும். ரெசின் இறுகியதும் துணி பாகமாகிவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான். இதைச் சரியாகச் செய்வதற்காக முதலாளி ஒருவரைக் கூட்டிவந்தார். அவர்தான் கரீம் பாய்.

கரீம் பாய் விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். பட்டறை கூட்டுகிறவரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பாகத்தில் தப்பு இருந்தால் திட்ட மாட்டார். எடுத்துவந்து நம் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். தப்பு எங்கே என்று நாம்தான் கண்டுபிடித்துப் போய்ச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் தலையை ஆட்டுவார். இல்லையென்றால், “இன்னும் பாருங்க.” ஒருமுறை கார்க் கதவில் மாட்டும் பக்கக் கண்ணாடியின் கூடு ஒன்றை அப்படி என் மேஜையில் வைத்தார். காலையிலிருந்து சாப்பாட்டு வேளை வரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் தெரிந்தது, வளைவில் துணியின் வரிகள் ஒரு இழை அகலம் சாய்ந்திருந்தன. அன்றைக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது.

அவர் போட்ட விதிகள் சுலபமானவை, ஆனால் யாருக்காகவும் தளராதவை. தலைக்கு எண்ணெய் வைத்த அன்றைக்குத் துணி வெட்டும் மேஜைக்குக் கிட்டே வரக் கூடாது. துணியை வெறுங்கையால் தொடக் கூடாது. ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கண்ணளவில் கலக்கவே கூடாது, தராசில் வைத்துத்தான். எல்லாவற்றையும்விட முக்கியம், காற்றுச் சோதனை. பிளாஸ்டிக் தாளை ஒட்டி, பம்ப் ஓட்டி, காற்றை எடுத்த பிறகு பம்ப்பை நிறுத்தி வால்வை மூடிவிடுவார். பிறகு நாங்கள் எல்லோரும் காற்றழுத்தம் காட்டும் அளவுக் கடிகாரத்தின் முன்னால் நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் பேசக் கூடாது. முள் ஒரு மயிரிழை இறங்கினாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். தாளின் விளிம்பில் காதை வைத்துக்கொண்டு சுற்றிவந்து, ஸ்ஸ் என்கிற சத்தத்தைத் தேட வேண்டும். எனக்கு அந்தச் சத்தம் சீக்கிரம் கேட்கும். அதனால் அந்த வேலை எப்போதும் எனக்கே வந்தது.

பாகம் வெளியே வந்ததும் அவர் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுப்பார். பாகம் முழுக்க விரல் அகலத்துக்கு ஒரு தட்டு. நல்ல இடம் கணீரென்று சொல்லும். உள்ளே ரெசின் போகாமல் துணி காய்ந்து கிடக்கும் இடம் மொத்து மொத்தென்று சொல்லும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் விழுந்த பாகம் பட்டறையை விட்டுப் போகக் கூடாது. நாலு வருஷம் அப்படித்தான் நடந்தது.

வாடிக்கையாளர்கள் பட்டறையைப் பார்க்க வந்தால் முதலாளி என்னைக் காட்டி, “மலைக்காரங்க. மூங்கில் முடைஞ்ச கை, அதான் இவ்ளோ சுத்தமா வருது” என்பார். நான் பிறந்ததிலிருந்து ஒரு கூடைகூட முடைந்ததில்லை. அதை ஒரு தடவை வந்தவர்கள் முன்னாலேயே சொன்னேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கரீம் பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த பானெட் ஒரு பழைய கான்டெசா காருக்கானது. கார்க்காரர் பெங்களூரில் கண் டாக்டர். அவருடைய மகள் அந்தக் காரைப் பழைய கார்கள் போகும் ஊர்வலத்தில் ஊட்டி வரைக்கும் ஓட்டப்போகிறாள் என்று சொல்லியிருந்தார். ஒரு தடவை அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். துணி வெட்டும் மேஜைக்கு எட்டி நின்று, தொடலாமா என்று கேட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு தொட்டாள். அப்படிக் கேட்ட வாடிக்கையாளர் அவள் ஒருத்திதான்.

பானெட் என்றால் எஞ்சினை மூடியிருக்கும் முன்மூடி. அதன் முன் விளிம்பில் நடுவில் ஒரு கொக்கி இருக்கும். கார் வேகமாகப் போகும்போது காற்று மூடியைத் தூக்கப் பார்க்கும். பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு கொக்கிதான். கொக்கி பிய்ந்தால் மூடி எழும்பி வந்து ஓட்டுகிறவரின் கண்ணாடியில் அறையும். சாலை தெரியாது. அதனால் கொக்கி இருக்கும் இடத்தில் மட்டும் துணியை இரண்டு மடங்கு அடுக்கி, நடுவில் ஒரு உலோகத் தட்டைப் பதிப்போம். அடுக்கு அதிகமான இடம் என்பதால் ரெசின் அங்கேதான் கடைசியாகப் போய்ச் சேரும்.

ரெசின் பாய்ந்துகொண்டிருந்தபோது கரண்டு போனது. அது நடக்கிறதுதான், அதற்குத்தான் ஜெனரேட்டர். ஜெனரேட்டரில் டீசல் இல்லை. ஆள் ஓடி வாங்கிவந்து ஊற்றி அதை உறுமவைப்பதற்குள் தாள் தளர்ந்துவிட்டது. சித்திரை வெயில். வாளியில் இருந்த ரெசின் சூடேறிக் கெட்டியாக ஆரம்பித்திருந்தது. கொக்கி இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் இருக்கும்போதே ரெசின் தயங்கி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். பம்ப் மறுபடி ஓடியதும் மேல் அடுக்கு மட்டும் ஈரமாகி மூடிக்கொண்டது.

மறுநாள் அச்சிலிருந்து எடுத்தோம். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு அழகு. நடுக்கோட்டில் இரண்டு பக்கத்துத் துணி வரிகளும் மீன்முள் மாதிரி நேராகச் சேர்ந்திருந்தன. அது என் கைவேலை. கரீம் பாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். கொக்கிப் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. உள்ளங்கை அளவுக்கு மொத்து மொத்து. அவர் வட்டம் போட்டார்.

முதலாளி வந்து பார்த்தார். அன்றைக்கு மாலை வண்டி ஏற்றுவதாக டாக்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். ஊசியால் மேலிருந்து கொஞ்சம் ரெசினை ஏற்றுங்கள், அதற்குமேல் பளபளப்புப் பூச்சு அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றார். ஊசியில் ஏற்றினால் மேலே நிற்குமே தவிர உள் அடுக்கு வரை போகாது என்று நான் சொன்னேன். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்கினால் இரண்டு நாள், முழு பானெட்டையும் மறுபடி செய்தால் ஒரு வாரம், டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன். உன் வேலை துணி போடுவது, பேசுவது இல்லை என்றார் அவர். பிறகு கரீம் பாயைப் பார்த்தார்.

கரீம் பாய் பானெட்டுக்குக் கிட்டே போனார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, தான் போட்ட சாக்பீஸ் வட்டத்தைத் தானே துடைத்தார்.

அதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை. முதலாளி சொன்னது எனக்கு ஆச்சரியமில்லை, அவர் விற்கிறவர். தப்பைக் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லித்தந்த கைதான் அதை அழித்தது. முதலாளி போனதும் நான் அவரிடம் போனேன்.

“பாய், அது உள்ள காஞ்சுதானே கெடக்குது?”

அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, “பட்டறை அவரோடது, பூங்காவனம்” என்றார்.

நான் திரும்பிப் போனேன். முகக்கவசம் போட்டுக்கொண்டேன், ஏனென்றால் கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கட்டிங் மிஷினை எடுத்தேன். பானெட்டின் நடுவில் குறுக்கே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுத்தேன். அவசரமாக இல்லை. அந்த மீன்முள் வரிகள் பாதியில் பிரிந்தபோது மட்டும் கஷ்டமாக இருந்தது. சத்தம் கேட்டு எல்லோரும் வந்து நின்றார்கள், ஆனால் சுற்றுகிற தட்டுக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. மிஷினை நிறுத்தியதும் முதலாளி, “இன்னா காரியம் பண்ணிட்ட” என்று மட்டும் கேட்டார். அப்புறம், இதையும் தூக்கிக்கொண்டு போய்விடு, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றார்.

தூக்கிக்கொண்டுதான் போனேன். கொக்கி இருந்த முன்பாதியை.

சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், போலீசில் சொல்லியிருக்கலாமே, டாக்டருக்குப் போன் செய்திருக்கலாமே என்று. டாக்டரின் எண் என்னிடம் இல்லை. வண்டி மாலையில் கிளம்ப இருந்தது. அறுத்தால் அது நிச்சயம் போகாது என்று எனக்குத் தெரிந்தது, அறுத்தேன். பட்டறையில் வேறு வழியில்லாமல் ஒரு வாரம் எடுத்துப் புது பானெட் செய்தார்கள். அது நன்றாக வந்ததாம். அந்தப் பெண் ஊட்டி போய்விட்டுத் திரும்பினாளாம். அந்த ஒரு வாரத்தை அவளுக்கு யார் வாங்கிக்கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எந்தப் பட்டறையும் என்னை உள்ளே விடவில்லை. புத்தி பேதலித்தவள், முடிந்த சரக்கை நாசம் பண்ணுகிறவள் என்று பேச்சு பரவியிருந்தது. முருகேசனுக்கு அப்போது போளூரிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தது. வூட்டோடு மலைக்கே திரும்பினோம். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் கூரையில் அந்தப் பாதி பானெட்டை ஏற்றிக் கயிறு கட்டும்போது மட்டும், “இத இன்னா பண்ணப்போற?” என்றார். தெரியாது என்றேன்.

மலையில் கார்பன் பட்டறை என்றால் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. கீழே வாலாஜா வெயிலில் கலந்த ரெசின் கொஞ்ச நேரத்தில் கெட்டியாகிவிடும். மேலே குளிர்ச்சியில் அதே ரெசின் இரண்டு மடங்கு நேரம் பொறுமையாக இருக்கும். வேலை செய்கிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும். ஆனால் மார்கழியில் அது இறுகவே இறுகாது. அதற்குத் தார்ப்பாயில் ஒரு கூடாரம் அடித்து, உள்ளே சூடு தரும் பல்புகளைத் தொங்கவிட்டு, பாகத்தை அதற்குள் வைத்து இறுக்கினேன். கரண்டு அடிக்கடி போகும் ஊர். பழைய கம்ப்ரசர் தொட்டி ஒன்றை வாங்கி அதில் வெற்றிடத்தைச் சேமித்து வைத்தேன், பம்ப் நின்றாலும் தொட்டி இழுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் பேட்டரி, அதற்கும் பின்னால் ஜெனரேட்டர். ஜெனரேட்டரின் டீசலை நானே தினமும் காலையில் குச்சி விட்டுப் பார்ப்பேன்.

வேலைக்கு ஊரிலிருந்தே மூன்று பெண்கள் வந்தார்கள். மூத்தவள் வள்ளி. முதலில் பக்கக் கண்ணாடிக் கூடுகளும் பழைய பத்மினி கார்களுக்கு டாஷ்போர்டுகளும்தான் செய்தோம். ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு தாள் வைத்து அனுப்புவேன். அதில் அந்தப் பாகத்தில் என்ன குறை இருக்கிறது என்று எழுதியிருப்பேன். இடது ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழ் ஒன்று, பலத்தைப் பாதிக்காது. உள்பக்கம் துணி மடிப்பு ஒன்று, கண்ணுக்குப் படாது. இப்படி. விற்பனை தெரியாதவள் என்றார்கள். அந்தத் தாளைப் பார்த்துப் பாகத்தைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அனுப்பட்டும் என்று இருந்தேன். எழுதுவதை நிறுத்தவில்லை.

மூன்றாம் வருஷம் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வந்தார், பழைய கார்களைப் புதுப்பித்து விற்கிறவர். வேலையெல்லாம் பார்த்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த பாதி பானெட்டைக் காட்டி, இதுதானா அது என்று கேட்டார். பழைய பட்டறையில் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள் போல. அது தாங்கியிருக்கும், சும்மா பயந்து நல்ல சாமானை வீணாக்கிவிட்டீர்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார்.

நான் மூன்று வருஷமாக அது தாங்காது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தவள். ஆனால் எனக்கும் தெரியாது. காதால் கேட்டதுதான். அவர் போன மறுநாள் அந்தப் பாதியைக் கூரை உத்தரத்தில் கொக்கி கீழே வரும்படி போல்ட் போட்டு மாட்டினேன். கொக்கியில் சங்கிலி கட்டி, கீழே சாமை மூட்டைகளைத் தொங்கவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மூட்டையும் ஏற்றினேன். ஓடுகிற காரில் காற்று இழுப்பது அவ்வளவு வராது என்று எனக்குத் தெரியும்.

தாங்கியது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் தாங்கியது.

முருகேசன் வேலை முடிந்து வந்து மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை கழுவப் போனார். அன்றைக்குச் சோற்றுத் தட்டை அப்படியே மூடி வைத்தேன். வேலை போனதோ ஊர் சிரித்ததோ எனக்கு அப்படி வலித்ததில்லை. வெறும் பிடிவாதத்துக்காக ஒரு நல்ல பானெட்டை அறுத்துவிட்டேனா என்று நினைத்தபோதுதான் வலித்தது.

காலையில் அவர் பஸ்ஸை எடுக்கக் கிளம்பும்போது சொன்னார். “ரோட்டுல வண்டி சும்மா நிக்கறதில்ல பூங்கா. குலுங்கிக்கினே போவுது. நீ தொங்க வுட்டு வேடிக்கை பாக்கற.”

லாரியிலும் மலைச்சாலை பஸ்ஸிலுமாகப் பல வருஷம் ஓட்டியவர் சொன்னது. மூன்று மூட்டைகளை இறக்கிவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன். ஒரு கட்டையை நெம்புகோலாகப் பொருத்தி, காலால் அழுத்தினால் மூட்டை எழும்பி, விட்டால் கொக்கியை வெடுக்கென்று இழுத்துத் தொங்கும்படி செய்தேன். நானும் வள்ளியும் மற்ற இருவரும் மாறி மாறி அழுத்தினோம். நூறு அழுத்துக்கு ஒரு முறை நாணயத்தால் தட்டி, மொத்துச் சத்தம் கேட்கும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்தேன். முதல் நாள் எதுவும் மாறவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் எல்லை விரல் அகலம் நகர்ந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் நகர்ந்தது, கோட்டுக்கு வெளியே கோடு. மூன்றாம் நாள் வள்ளி அழுத்திக்கொண்டிருக்கும்போது கொக்கி, உலோகத் தட்டு, அதோடு ஒட்டியிருந்த இரண்டு அடுக்குத் துணி எல்லாம் ஒன்றாகப் பிய்ந்து மூட்டையோடு கீழே விழுந்தன. பிய்ந்த இடத்தில் உள்துணி ரெசினே படாமல், வாங்கிவந்த அன்றைக்கு இருந்த மாதிரி மிருதுவாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.

கரீம் பாய்க்குக் கடிதம் எழுதினேன். நான்கு மூட்டையை ஒரு பகல் முழுக்கத் தாங்கியது என்று முதலில் எழுதினேன். பிறகு மூன்றாம் நாள் பிய்ந்ததை எழுதினேன். போட்டோக்களும் வைத்தேன். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை.

பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேசனின் பஸ்ஸிலிருந்து அவரே இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் குடித்தார், டீ வேண்டாம் என்றார். நேராகப் போய்ப் பிய்ந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் வரைந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“மொதல்ல தாங்குச்சுன்னு ஏன் எழுதினீங்க? அத எழுதாம வுட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“நடந்துது பாய். அதனால எழுதினேன்.”

அவர் துண்டைக் கீழே வைத்தார். “அன்னைக்கு நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்” என்றார். “மூணு பசங்க படிச்சிக்கினு இருந்தாங்க. அத உங்ககிட்ட காரணமா சொல்ல வரல. நடந்தத சொல்றேன்.”

பரவாயில்லை பாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை என்று நான் நினைக்கவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். சாப்பிட்டார். சாமைச் சோறும் புளிக்குழம்பும். மத்தியான பஸ்ஸில் கிளம்பும்போது அந்தத் துண்டைத் தான் கொண்டுபோகலாமா என்று கேட்டார். தரமாட்டேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டினார்.

அந்த மாதத்திலிருந்து பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டால், வாலாஜாவில் ஒரு பாய் சொன்னார் என்பார்கள். பானெட், கதவு, மேற்கூரை என்று எல்லாமே செய்தோம். குறை எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அது எங்கள் பட்டறையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

என்னை யாரும் ஓய்வுபெறச் சொல்லவில்லை. என் தோல் சொன்னது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹார்டனர் டப்பாவைத் திறந்ததும் கண் இமை வீங்கியது, கையெல்லாம் தடித்துச் சிவந்தது. கையுறை போட்டும் நிற்கவில்லை. இத்தனை வருஷம் தாங்கிய உடம்பு இனி ரெசினை எதிரியாகத்தான் பார்க்கும், ஆவி பட்டாலே வீங்கும், இனிமேல் அந்த அறைக்குள் போகக் கூடாது என்று வேலூரில் டாக்டர் சொன்னார். நான் அதைக் கேட்கவில்லை. இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை மூச்சு அடைத்து முருகேசன் என்னைப் பஸ்ஸிலேயே கீழே கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது.

திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வள்ளி அதன் உள்பக்கம் நின்றுகொண்டு, “இந்தக் கோட்டத் தாண்டி வராதீங்கக்கா” என்றாள். இது என் பட்டறை என்றேன். ஆமாம் என்றாள், நகரவில்லை. மற்ற இருவரும் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்கு வூட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகும் தாண்டவில்லை. தினமும் காலையில் போய்க் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவேன். வரைபடம் பார்ப்பேன், வாடிக்கையாளர்களிடம் பேசுவேன்.

போன வாரம் ஒரு பெரிய காரில் ஒருவர் வந்தார். இருபது பானெட் வேண்டும் என்றார், ஒரே மாதிரி. ஆனால் உள்ளே சாதாரணக் கண்ணாடி இழை, மேலே பார்வைக்கு மட்டும் ஒரு அடுக்குக் கார்பன். அதை முழுக் கார்பன் என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தாளுக்கு இப்போது சந்தையில் அவ்வளவு மதிப்பு, அதனால்தான் தேடிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் உள்ளேயிருந்து வள்ளி முடியாது என்றாள். அவர் விளக்கினார். இல்லீங்க என்றாள். அவர் குரலை உயர்த்தினார். அவள் உயர்த்தாமலே, வாசல் அந்தப் பக்கம் என்றாள்.

அவர் வெளியே வந்து என் நாற்காலி முன்னால் நின்றார். இவ்வளவு பெரிய வேலையை இவர்கள் புரியாமல் தள்ளுகிறார்கள், நீங்கள் உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அம்மா, பட்டறை உங்களுடையதுதானே என்றார்.

“பட்டறை என்னோடதுதாங்க” என்றேன். “ஆனா உள்ள போறதுக்கு எனக்கு அனுமதி இல்ல.”

அவர் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே பம்ப்பை நிறுத்திவிட்டார்கள், முள்ளைப் பார்க்கும் நேரம். மூன்று பேரும் அவர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.